இணையத்தில் கார்ச் சாமான் வாங்குவது: நம்பர் தெரியாமல் காசு கட்டாதீர்கள்

போன வருடம் என் டொயோட்டா அக்சியோ காரின் முன் ஷொக் அப்சோபர் இரண்டும் எண்ணெய் கசியத் தொடங்கின. திருகோணமலை டவுன் கடைகளில் கேட்டேன், அன்றைக்கு யாரிடமும் இருக்கவில்லை, கொழும்பிலிருந்து எடுத்துத் தரலாம் என்றார்கள். எப்படியும் கொழும்பிலிருந்துதான் வரப்போகிறது என்றால் நானே எடுக்கிறேனே என்று அன்றிரவு ஃபோனும் கையுமாக உட்கார்ந்தேன். "அக்சியோ 141 முன் ஷொக், ஜப்பான், சோடி" என்று ஒரு விளம்பரம், விலையும் கையைக் கடிக்கவில்லை. மூன்றாம் நாள் உவர்மலைக்குப் பார்சல் வந்துவிட்டது. கராஜில் வண்டியைத் தூக்கி, பழையதைக் கழற்றி, வலப்பக்கத்தைப் பூட்டி முடித்து, மற்றப் பெட்டியைத் திறந்தால் அதுவும் வலப்பக்கத்து ஷொக். என் மெக்கானிக் கிண்ணியாக்காரர், நானா என்றுதான் கூப்பிடுவேன். அவர் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, இத பூட்டுறதெண்டா ஒங்கட காருக்கு ரெண்டு பக்கமும் வலப்பக்கமா இருக்கணும்" என்றார்.

வண்டி நான்கு நாள் தூக்கியபடியே நின்றது. விற்றவரிடம் கதைத்தால், "நீங்கள் இரண்டு என்றுதானே சொன்னீர்கள், இடது வலது சொல்லவில்லையே" என்கிறார். உண்மைதான், சொல்லவில்லை. அந்த ஷொக்குகள் கள்ளச் சாமானும் இல்லை, இரண்டும் நல்ல சாமான்தான். பார்த்த அளவில், என்னைச் சுற்றி இருப்பவர்கள் இணையத்தில் சாமான் வாங்கிக் காசை விட்டதில் பாதிக்கு மேல் இப்படித்தான்: போலி கொஞ்சம், பொருந்தாதது நிறைய. கொழும்பில் இருப்பவருக்கு இது ஒரு பின்னேர அலைச்சல். நமக்கு 260 கிலோமீற்றர் போய் வர வேண்டும், அல்லது இரண்டு தரம் கூரியர் காசு. அதனால் போலியைக் கண்டுபிடிக்கும் வித்தையை மட்டும் சொல்லிவிட்டுப் போகாமல், வாங்க முன் செய்ய வேண்டியதிலிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் எது உடைந்தது என்று தெரியுமா?

முன்பக்கம் "டக் டக்" என்று சத்தம் வந்தால் உடனே ஷொக் என்று முடிவெடுத்துத் தேடத் தொடங்குவது நம்மில் பலருக்குப் பழக்கம். அந்தச் சத்தம் ஸ்டெபிலைஸர் லிங்க், போல் ஜொயின்ட், ஷொக் மவுண்ட், கீழ் ஆமின் புஷ் என்று நாலைந்து இடத்திலிருந்து வரலாம். லிங்க் ஒன்றின் விலையும் ஷொக்கின் விலையும் மலைக்கும் மடுவுக்கும். ஆகவே கராஜில் காட்டி, எந்தச் சாமான், எந்தப் பக்கம், முன்னா பின்னா, கூடவே எது மாற்ற வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். வாயால் சொன்னதை வீட்டுக்கு வருமுன் மறந்துவிடுவோம். இன்னொன்று, புதியது கைக்கு வந்து ஒப்பிட்டுப் பார்க்கும் வரை ஓடுகிற வண்டியைக் கழற்ற விடாதீர்கள். நான் விட்ட பிழையே அதுதான், இரண்டு பெட்டியையும் முதலில் திறந்து பார்த்திருந்தால் வண்டி ஓடிக்கொண்டாவது இருந்திருக்கும்.

கார் பெயரால் தேடாதீர்கள், சசி நம்பரால் தேடுங்கள்

சுசுகி வாகன் ஆர் காருக்கு "வாகன் ஆர் பிரேக் பாட்" என்று தேடினால் என்ன நடக்கும் என்று பாருங்கள். நம் வீதிகளில் ஓடும் வாகன் ஆர் பெரும்பாலும் ஜப்பானிலிருந்து வந்த 660 சீசீ கார். இந்தியாவில் மாருதி செய்யும் வாகன் ஆர் 1000 சீசீ அல்லது அதற்கு மேல், பெயர்தான் ஒன்று, எஞ்சின் வேறு, பிரேக் வேறு, உடம்பே வேறு. ஓல்டோவிலும் அதே கதை, மாருதி ஓல்டோ 800க்கும் ஜப்பான் ஓல்டோவுக்கும் சொந்தம் பெயரோடு முடிகிறது. அதற்குள்ளும் ஜப்பான் வாகன் ஆரில் எம்.எச் 34, எம்.எச் 44, எம்.எச் 55 என்று மூன்று வகை நம் ஊரில் சாதாரணமாக நிற்கின்றன. என் மச்சான் ஒருத்தர் இந்தியச் சாமானை ஜப்பான் காருக்கு எடுத்துவிட்டு, அரத்தால் ராவிப் பூட்டலாமா என்று நானாவிடம் கேட்டார். பிரேக் பாட்டை ராவிப் பூட்டுவதா! நானா சிரிக்கக்கூட இல்லை.

அக்சியோவிலும் "141" என்று நாம் எல்லாவற்றையும் ஒரே வாயால் சொல்கிறோம். என்.இசட்.ஈ 141 என்றால் 1500 சீசீ, முன் சக்கர ஓட்டம். என்.இசட்.ஈ 144 அதே எஞ்சினோடு நான்கு சக்கர ஓட்டம், பின்பக்கச் சாமான்கள் மாறிவிடும். இசட்.ஆர்.ஈ என்று தொடங்கினால் 1800 சீசீ. 2012 மே மாதத்துக்குப் பிறகு வந்த அக்சியோ முற்றிலும் அடுத்த தலைமுறை.

ஆகவே செய்ய வேண்டியது இது: பொனட்டைத் திறந்து, எஞ்சினுக்குப் பின்னால் உள்ள சுவரில் அல்லது கதவுத் தூணில் இருக்கும், சசி நம்பர் (கம்பனி அந்தக் காருக்குக் கொடுத்த அடையாள இலக்கம்) உள்ள தகட்டைத் தெளிவாகப் படம் எடுங்கள். தூசி, துரு இருந்தால் துணியால் துடைத்துவிட்டு எடுங்கள், நிலாவெளிப் பக்கம் கடற்கரையோரம் நிற்கும் வண்டிகளில் அந்தத் தகடு வாசிக்கவே முடியாமல் போயிருக்கும். அப்படியானால் பதிவுப் புத்தகத்தில் உள்ள சசி நம்பரை எடுங்கள். ஜப்பானில் ஓடி வந்த கார்களுக்கு 17 இலக்க நம்பர் இருக்காது, மொடல் குறி, ஒரு கோடு, பிறகு ஆறு அல்லது ஏழு இலக்கம், அவ்வளவுதான். 17 இலக்கம் இருந்து அது எம்.ஏ.3 என்று தொடங்கினால் மாருதி, இந்தியாவில் செய்தது. இந்த ஒரு பார்வையிலேயே மேலே சொன்ன வாகன் ஆர் குழப்பம் தீர்ந்துவிடும்.

விற்பவர்கள் "எத்தனையாம் ஆண்டு?" என்று கேட்பார்கள். கவனம். பதிவுப் புத்தகத்தில் இலங்கையில் முதல் பதிந்த ஆண்டைப் பார்த்துச் சொல்லிவிடுவோம். 2008இல் செய்த கார் 2011இல் இங்கே பதிவாகியிருக்கலாம், இடையில் அந்த மொடலில் சாமான் மாறியிருக்கலாம். செய்த ஆண்டும் மாதமும் வேறு, பதிந்த ஆண்டு வேறு.

அடுத்தது சாமானின் நம்பர்

சசி நம்பர் கையில் இருந்தால் சாமான் நம்பரைக் கண்டுபிடிக்க இரண்டு வழி. ஒன்று, பழைய சாமானைக் கழற்றும்போது அதில் பொறித்திருப்பதை வாசிப்பது. முன்னமே யாரோ பிழையானதைப் பூட்டியிருந்தால் இந்த வழி உங்களையும் அதே பிழைக்குள் இழுத்துவிடும், அதனால் இதை மட்டும் நம்ப வேண்டாம். மற்றது, இணையத்தில் இருக்கும் சாமான் பட்டியல்கள். அமயாமா, பார்ட்சூக் போன்ற தளங்களில் சசி நம்பரைப் போட்டால் உங்கள் காரின் வரைபடங்கள் வரும், அதில் உங்களுக்கு வேண்டிய சாமானைத் தொட்டால் நம்பர் வரும். அங்கே வாங்க வேண்டும் என்று இல்லை, நம்பரை எடுத்துக்கொண்டு வெளியே வரலாம். ஆங்கிலத்தில் இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், படத்தைப் பார்த்துத்தானே தேடப்போகிறோம். ஏலாது என்றால் உங்கள் கார்க் கம்பனியின் இலங்கை ஏஜன்சியில் சாமான் விற்கும் பாட்ஸ் கவுண்டருக்கு ஃபோன் போட்டு சசி நம்பரைச் சொல்லிக் கேளுங்கள். டொயோட்டாவுக்கு டொயோட்டா லங்கா. அப்படியே விலையையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

டொயோட்டா நம்பரை வாசிக்கப் பழகினால் பாதிப் பிழை தானாகவே கண்ணில் படும். ஐந்து இலக்கம், ஒரு கோடு, மீண்டும் ஐந்து. முதல் ஐந்து, இது என்ன சாமான் என்று சொல்லும், பின் ஐந்து எந்த மொடலுக்கு என்று சொல்லும். 04465 என்றால் முன் பிரேக் பாட், 04466 பின் பிரேக் பாட், 04495 பின் லைனர். 48510 என்றால் வலது முன் ஷொக், 48520 இடது. பார்த்தீர்களா, என் நான்கு நாளும் அந்த ஒற்றை இலக்கத்தில்தான் போனது. பெட்டியின் படத்தை முதலிலேயே கேட்டிருந்தால் இரண்டிலும் 48510 என்று இருப்பது தெரிந்திருக்கும். ஹொண்டாவில் ஐந்து, மூன்று, மூன்று என்று பிரியும், நடுவில் வரும் மூன்றுதான் மொடல் குடும்பத்தின் குறி. அந்த நடுப்பகுதி உங்கள் பட்டியலில் உள்ளதோடு ஒத்துப்போகாவிட்டால் ஏன் என்று கேளுங்கள்.

சில வேளை பழைய நம்பரை நிறுத்திவிட்டு கம்பனியே புதிய நம்பர் கொடுத்திருக்கும். "அந்த நம்பர் இப்போது இல்லை, இதுதான் வரும்" என்று கடைக்காரர் சொன்னால் உடனே பொய் என்று நினைக்கத் தேவையில்லை, பட்டியலில் அந்தப் புதிய நம்பரையும் தேடிப் பாருங்கள், மாற்று நம்பர் என்று அங்கேயே காட்டும்.

"ஒரிஜினல்" என்ற சொல்லை நம்பாதீர்கள்

நம் சந்தையில் ஒரிஜினல் என்ற சொல்லுக்கு அர்த்தம் போய்விட்டது. "ஒரிஜினல் தாய்வான்" என்று சொல்பவர் உண்டு, "ஒரிஜினல் கொப்பி" என்று எழுதியதைக்கூட நான் பார்த்திருக்கிறேன். அவரிடம் ஒரு நேர்மை இருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஜெனுயின் என்றால் கார்க் கம்பனியின் பெட்டியில் அதன் நம்பரோடு வருவது. உள்ளே இருக்கும் சாமானைப் பெரும்பாலும் வேறு கம்பனிதான் செய்திருக்கும், டென்சோ, ஐசின், கே.வை.பி, அகெபோனோ என்று. அதே கம்பனிகள் தங்கள் சொந்தப் பெட்டியிலும் விற்கின்றன, அது குறைந்த விலையில் கிடைக்கும், தரமும் பொதுவாக நல்லது. மூன்றாவது, கார்க் கம்பனிக்குக் கொடுக்காத ஆனால் தன் சொந்தப் பெயரில் நேர்மையாகச் செய்து விற்கும் கம்பனிகள். இது சீனாவானாலும் இந்தோனேசியாவானாலும் போலி இல்லை, தரம் கூடக் குறைய இருக்கும், அவ்வளவுதான். நான்காவதுதான் கள்ளச் சாமான்: ஒருவன் செய்து இன்னொருவன் பெயரை ஒட்டியது. பெயர் போன ஜப்பான் சாமான்களுக்குத்தான் இந்த ஆபத்துக் கூட. 555 என்ற பெயரில் வரும் போல் ஜொயின்ட், டை ரொட் எண்ட், என்.ஜி.கே மற்றும் டென்சோ பிளக், பெயரிங், ஒயில் ஃபில்டர் எல்லாவற்றுக்கும் நகல் உண்டு. பெயர் தெரியாத கம்பனியின் சாமானை யாரும் நகல் எடுப்பதில்லை. கையில் காசு குறைவென்றால், டொயோட்டா பெட்டியில் பாதி விலைக்கு வருவதைவிட ஒரு நடுத்தரக் கம்பனியின் சொந்தப் பெட்டியை அதன் சரியான விலைக்கு வாங்குவதே மேல். என் கணக்கு இது.

ரீகண்டிஷன் சாமானைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஹெட்லைட், கண்ணாடி, கதவு, பம்பர் போன்றவற்றுக்கு ஜப்பானில் கழற்றிய பழையது, புதிதாகச் செய்த நகலைவிட நன்றாகப் பொருந்தும். நகல் ஹெட்லைட் நம் வெயிலுக்குச் சீக்கிரம் மஞ்சளித்துவிடும். ஆனால் பிரேக் பாட், ரப்பர், பெல்ட், போல் ஜொயின்ட், ஷொக் எதையும் பழையதாக வாங்காதீர்கள், "குறைய ஓடினது" என்று என்ன சத்தியம் செய்தாலும் சரி. எயார்பேக்கை இணையத்தில் புதிதாகவோ பழையதாகவோ வாங்கவே வேண்டாம். பழைய கார்களிலிருந்து கழற்றியவற்றில், உலகம் முழுக்கத் திருப்பி எடுத்த தகாட்டா கம்பனி எயார்பேக்குகளும் இருக்கலாம், அவை வெடிக்கும்போது உலோகத் துண்டுகள் முகத்துக்கு வரும். இதில் பேரம் பேச ஒன்றுமில்லை.

விளம்பரத்தையும் ஆளையும் படிப்பது

இக்மன், டராஸ் போன்ற விற்பனைத் தளங்கள், முகநூல் எங்கே பார்த்தாலும் முதலில் படத்தைப் பாருங்கள். வெள்ளைப் பின்னணியில் கம்பனி எடுத்த அழகான படம் என்றால் விற்பவர் கையில் சாமான் இருக்கிறதா என்பதே தெரியாது. என் வழக்கம் இது: ஒரு துண்டுக் கடதாசியில் இன்றைய திகதியையும் என் பெயரையும் எழுதி, பெட்டியின் லேபிளுக்குப் பக்கத்தில் வைத்துப் படம் அனுப்பச் சொல்வேன். சாமான் கையில் உள்ளவருக்கு இது ஒரு நிமிட வேலை. இரண்டு நாளாக "ஆள் வெளியே போய்விட்டார்" என்று சொல்பவரிடம் சாமான் இல்லை. வாங்கி விற்பவராக இருக்கலாம், அது குற்றமில்லை, ஆனால் வருவது என்னவென்று அவருக்கே தெரியாது.

நல்ல விற்பனையாளரைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த அடையாளம்: நீங்கள் விலை கேட்டதும் அவர் சசி நம்பரைக் கேட்பார். "அதெல்லாம் தேவையில்லை, எல்லா 141க்கும் போகும்" என்பவரை அன்றைக்கே விட்டுவிடுங்கள்.

விலையில் ஏஜன்சியிடம் கேட்டு எழுதி வைத்ததுதான் அளவுகோல். ஜெனுயின் என்று சொல்லி அதில் மூன்றில் ஒரு பங்குக்கு யாராலும் தர முடியாது. கொஞ்சம் குறைவாகத் தரலாம், துபாய் வழியாகவோ ஜப்பானிலிருந்தோ நேரே இறக்கினால் அது நடக்கும்.

கடை கொழும்பில் கார்ச் சாமான் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் என்று விலாசம் போட்டிருந்தால் கொழும்பில் உள்ள சொந்தக்காரர் யாரையாவது மருதானைப் பக்கம் போகும்போது எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். விலாசத்தில் கடை இருந்தாலே பாதிப் பயம் போய்விடும். வெளிநாட்டுத் தளங்களில் சின்ன, பாரம் குறைந்த, பாதுகாப்போடு தொடர்பில்லாத சாமான்களோடு நிறுத்திக்கொள்வது நல்லது, கிளிப், சுவிச் மூடி மாதிரி. ஷொக் ஒன்றைச் சீனாவுக்குத் திருப்பி அனுப்பும் செலவுக்கு இங்கே இன்னொன்று வாங்கலாம்.

காசு கொடுக்கும் முன் எழுத்தில் வாங்க வேண்டியவை

ஃபோனில் கதைத்து முடித்தாலும் கடைசியில் ஒரு மெசேஜ் போடுங்கள். "டொயோட்டா ஜெனுயின், நம்பர் இன்னது, வலது ஒன்று இடது ஒன்று, விலை இவ்வளவு, பொருந்தாவிட்டாலோ போலி என்றாலோ ஏழு நாளுக்குள் திருப்பி எடுப்பீர்கள், கூரியர் காசு உங்களுடையது, சரியா?" அவர் "சரி" என்று பதில் போட்டால் போதும், அதுதான் உங்கள் சாட்சி. பில்லிலும் நம்பர் இருக்க வேண்டும். "கார் பாட்ஸ் 2" என்று எழுதிய பில் எதற்கும் உதவாது.

பொருள் கைக்கு வந்ததும் காசு கொடுக்கும் முறை பாதுகாப்பு என்று நினைக்கிறோம், பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமல்தானே அங்கேயும் கொடுக்கிறோம்? கூரியர் தம்பி நீங்கள் பிரித்துப் பார்க்கும் வரை நிற்க மாட்டார், அவர் பின்னேரத்துக்குள் சாம்பல்தீவு வரை போக வேண்டியிருக்கும். ஆள் தெரியாதவருக்கு முற்பணம் அனுப்புவதைவிட அது மேல், அவ்வளவே. சில தளங்களில் காசைத் தளமே பிடித்து வைத்து, நீங்கள் பொருளைப் பெற்ற பிறகுதான் விற்றவருக்குக் கொடுக்கும். அப்படி இருக்கும்போது "வெளியே வாங்க, வட்ஸ்அப்பில் கதைப்போம், விலை குறைத்துத் தருகிறேன்" என்று கூப்பிட்டால் போகாதீர்கள்.

பார்சல் வந்த அன்று

பிரிக்கும் முன்னமே வீடியோவை ஓட விடுங்கள். பார்சலின் மேல் உள்ள கூரியர் லேபிளிலிருந்து தொடங்கி, வெட்டிப் பிரித்து, பெட்டி லேபிள், சாமானின் நம்பர் வரை இடையில் நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும். பிறகு பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்: ஓட்டைகள், நீளம், மரை, கம்பி வரும் பக்கம். சமையலறைத் தராசு இருந்தால் நிறுத்துப் பாருங்கள், போலி பெயரிங்கும் ஃபில்டரும் பெரும்பாலும் பாரம் குறைவு. லேபிளில் எழுத்துக் கலங்கியிருப்பது, எழுத்துப் பிழை, பெட்டியில் ஒரு நம்பர் சாமானில் இன்னொரு நம்பர், இவை தெரிந்த அறிகுறிகள்தான். ஆனால் இப்போதைய போலிக்காரர்கள் பெட்டியை நன்றாகவே அச்சடிக்கிறார்கள், ஹொலோகிராம்கூட ஒட்டுகிறார்கள். பெட்டி அழகாக இருக்கிறது என்று திருப்திப்பட்டுவிட வேண்டாம், சாமானைப் பார்க்க வேண்டும்.

பிளக்: அக்சியோ 1500 எஞ்சினுக்கு வழக்கமாகப் போவது டென்சோ கே16ஆர்-யு11. இதில் 16 என்பது வெப்ப அளவு, ஆர் என்றால் உள்ளே ரெசிஸ்டர் இருக்கிறது, கடைசி 11 என்றால் இடைவெளி 1.1 மில்லிமீற்றர். மல்டிமீற்றர் இருந்தால் மேல் முனைக்கும் நடு மின்முனைக்கும் இடையில் அளந்து பாருங்கள், சில ஆயிரம் ஓம் காட்ட வேண்டும். பூச்சியம் காட்டினால் ரெசிஸ்டர் இல்லை, பெயரில் ஆர் இருந்தும் உள்ளே இல்லை என்றால் அது போலி. நல்ல பிளக்கில் மரை வழுவழுப்பாக மினுங்கும், அடியில் உள்ள வோஷர் விரலால் சுற்றினாலும் கழன்று வராது. இரிடியம் என்று விற்பதில் நடு முனை ஊசி போல இருக்க வேண்டும், டென்சோ இரிடியம் பவரில் 0.4, என்.ஜி.கே இரிடியம் ஐஎக்ஸில் 0.6 மில்லிமீற்றர். தடித்த முனையில் இரிடியம் என்று எழுதியிருந்தால் எழுத்து மட்டும்தான் இரிடியம்.

ஒயில் ஃபில்டர்: சின்னச் சாமான், ஆனால் இதில்தான் நான் அதிகம் பயப்படுவேன். அக்சியோவுக்குப் போகும் 90915 ஃபில்டரின் மரை முக்கால் அங்குலம். ஹொண்டாவுடையது 20 மில்லிமீற்றர். வித்தியாசம் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு, மரையின் அடுக்கும் கிட்டத்தட்ட ஒன்று. அதனால் ஹொண்டா ஃபில்டரை டொயோட்டாவில் சுற்றினால் ஏறிவிடும், இறுகியது போலவும் இருக்கும், ஆனால் மரை பிடித்திருப்பது நுனியில்தான். ஒயில் அழுத்தம் ஏறும்போது கழன்று பறந்தால் சில நிமிடத்தில் எஞ்சின் முடிந்தது. கையால் சுற்றும்போது பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், வழக்கத்தைவிடத் தொளதொள என்று ஆடினால் பூட்ட வேண்டாம். உள்ளே எட்டிப் பார்த்தால் சுற்றியுள்ள சின்ன ஓட்டைகளுக்குப் பின்னால் ரப்பர் தடுப்பு தெரிய வேண்டும். அதுதான் எஞ்சின் நின்றதும் ஒயில் கீழே வடிந்துவிடாமல் பிடித்து வைப்பது. அது இல்லாத போலியைப் போட்டால் காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் சில கணம் "கடகட" என்று கேட்கும்.

பிரேக் பாட்: தட்டையும் உராயும் பகுதியையும் ஒட்டிய இடத்தைப் பாருங்கள், இடைவெளியோ வெடிப்போ இருக்கக் கூடாது. விளிம்பை நகத்தால் சுரண்டினால் மண் மாதிரி உதிரக் கூடாது. பக்கத்தில் அல்லது பின்னால் எஃப்.எஃப், ஜி.எஃப் என்று இரண்டு ஆங்கில எழுத்து இருக்கும் பாட்டுகள் உண்டு. முதல் எழுத்து குளிர்ந்திருக்கும்போது பிடிக்கும் அளவு, இரண்டாவது சூடேறிய பிறகு. எழுத்து ஈயிலிருந்து ஜியை நோக்கிப் போகப் போகப் பிடிமானம் கூடும். அந்த எழுத்து இருப்பதாலேயே நல்லது என்று ஆகாது, ஆனால் நான்கு பாட்டில் இரண்டு வகை எழுத்து இருந்தால் யாரோ கலந்து பெட்டி போட்டிருக்கிறார்கள். கடற்கரையோரம் ஓட்டுபவர்களுக்கு இன்னொன்று: பாட் புதிதானாலும், பாட்டை அழுத்தும் கலிப்பர் வழுக்கி ஓடும் கம்பி (பின்) உப்புக்காற்றில் இறுகியிருந்தால் ஒரு பக்கம் மட்டும் தேயும், பாவம், பழி பாட்டுக்குப் போகும்.

பெயரிங்குக்கு எஸ்.கே.எஃப் கம்பனி தனியாக ஒரு ஃபோன் செயலி வைத்திருக்கிறது. பொறித்த எழுத்தையும் பெட்டியையும் படம் எடுத்து அனுப்பினால் உண்மையா பொய்யா என்று பதில் வரும்.

ஹைபிரிட் பற்றரி: டொயோட்டா அக்குவாவில் 20 மொடியூல் (உள்ளே அடுக்கிய சின்ன பற்றரிக் கட்டைகள்), மொத்தம் 144 வோல்ட். டொயோட்டா பிரியஸ் 30 மொடலில் 28 மொடியூல், 201.6 வோல்ட். "புதிது" என்று விற்பதில் பெரும்பாலானவை பழைய பெட்டிகளிலிருந்து தேறிய மொடியூல்களைப் பொறுக்கிச் சேர்த்தவை. அப்படிச் சொல்லி, அதற்கேற்ற விலைக்கு, உத்தரவாதத்தோடு விற்றால் பிரச்சினையில்லை. மொடியூல்களின் மேல் உள்ள தொடர் நம்பர்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் இருந்தால் அது சேர்த்துக் கட்டியது. பூட்டுவதும் கழற்றுவதும் அந்த வேலை தெரிந்தவர் மட்டும். அந்த வோல்ட் ஆளைக் கொல்லும்.

டயர் வாங்கினால் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் தேடுங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. கடையில் கிடந்து காய்ந்த டயர் புதிதென்று வருவது சாதாரணம்.

பூட்டிய பிறகு

பிரேக், ஸ்டியரிங் சம்பந்தப்பட்டது எதையும் பூட்டிய அன்றே தூரப் பயணம் வேண்டாம். கன்னியாப் பக்கம் போய் மெதுவாக நாலைந்து தரம் பிரேக் பிடித்து வாருங்கள், மணக்கிறதா, ஒரு பக்கம் இழுக்கிறதா, கிறீச்சிடுகிறதா என்று பாருங்கள். கந்தளாய் தாண்டி ஹபரணைக் காட்டு ரோட்டில் இரவில் யானை குறுக்கே வரும்போதுதான் பிரேக் பாட்டைச் சோதிப்பேன் என்பவருக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு கிழமை கழித்துத் திரும்பக் கராஜில் காட்டுங்கள். அதுவரை பழைய சாமானையும் பெட்டியையும் பில்லையும் எறிய வேண்டாம்.

ஏமாந்துவிட்டால்

முதலில் தளத்திலேயே, திருப்பும் நாட்கள் முடிய முன், வீடியோவோடு முறைப்பாடு போடுங்கள். விற்றவரோடு சண்டை பிடித்துக்கொண்டே நாட்களை ஓட விட்டுவிடுவதுதான் நம்மவர்கள் செய்வது. அங்கே சரிவராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது, 1977 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் வழி சொல்வார்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும், அதுவும் வாங்கி மூன்று மாதத்துக்குள். அப்போதுதான் அந்த "சரி" என்ற மெசேஜும் நம்பர் எழுதிய பில்லும் கைகொடுக்கும். ஃபேஸ்புக்கில் திட்டி எழுதுவதைப் பிறகு ஆறுதலாகச் செய்யலாம்.

என் ஷொக் கதை எப்படி முடிந்தது என்றால், விற்றவர் கடைசியில் மாற்றித் தந்தார், போக வர கூரியர் காசு என் தலையில். இப்போது அவரிடமே வாங்குகிறேன். சசி நம்பரை நான் சொல்லு முன் அவர் கேட்கப் பழகிவிட்டார்.

எல்லாம் சரியாக வந்து பூட்டி, ஒரு மாதம் ஓடிவிட்டதென்றால் அந்த ஜெனுயின் பெட்டியை அப்படியே குப்பையில் போடாதீர்கள், கிழித்துப் போடுங்கள். ஒயில் கலனையும் அடியில் ஒரு ஓட்டை போட்டுவிட்டுக் கொடுங்கள். முழுசாகக் கிடைக்கும் வெற்றுப் பெட்டிக்கும் கலனுக்கும் காசு கொடுக்க ஆள் இருக்கிறது.